கை ஓங்கக் கூடாத காலம்

பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது என் இடது காது கிழிந்தது. கிழித்தவள் என் ஓரகத்தி. என் கணவருடைய பெரியப்பா மகனின் மனைவி. தோட்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். தோடு அவள் கையோடு போயிற்று. காது மடல் பிளந்து ரத்தம் ரவிக்கைக்குள் இறங்கியது. அந்த நிமிடத்தில் எனக்கு வலி தெரியவில்லை. திருப்பி அடித்தால் லைசென்ஸ் போய்விடும் என்ற நினைப்புதான் முதலில் வந்தது. நினைப்பு வந்தது உண்மைதான். ஆனால் அதற்குள் கை போய்விட்டது.

லைசென்ஸ் என்று நான் சொல்வது ஜிஎஸ்டி பிராக்டிஷனர் அனுமதியை. அது இருந்தால் வியாபாரிகளுக்கான வரிக் கணக்கை நம் சொந்தப் பெயரில் தாக்கல் செய்யலாம். நாமக்கல்லில் ஒரு வரி ஆலோசகரிடம் நான் வேலை பார்த்தேன். அவர் சி.ஏ. இல்லை, ஆனாலும் லாரிக்காரர்களும் கோழிப்பண்ணைக்காரர்களும் அவரை ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கணக்கு போடுவது நான், நோட்டீஸுக்குப் பதில் எழுதுவது நான். தப்பு வந்தால் வியாபாரியும் என்னைத் திட்டுவார், ஆடிட்டரும் என்னைத் திட்டுவார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்தப் பிழைப்பு. கும்பிடு மட்டும் அவருக்குப் போகும்.

அனுமதிக்கு முதலில் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பிறகு கொடுத்த கெடுவுக்குள் பரீட்சை தேற வேண்டும், இல்லாவிட்டால் பதிவு செல்லாது. முதல் தடவை எழுதித் தோற்றேன். கெடு முடிவதற்குள் மிச்சமிருந்தது இந்த ஒரு பரீட்சைதான். எருமப்பட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு கடையைப் பிடித்து என் பெயரில் போர்டு மாட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்று மெதுவாகச் சொல்கிறேன், அது பசி. போர்டில் எழுத்து என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்பது வரைக்கும் யோசித்து வைத்திருந்தேன்.

பரீட்சைக்குப் படிப்பதை நான் வாய்விட்டுத்தான் படிப்பேன். மனதுக்குள் படித்தால் எனக்கு ஏறாது. வீட்டில் டிவி சத்தம் என்பதால் தோட்டத்து மோட்டார் ரூமில் உட்கார்ந்து படித்தேன். முட்டைக்கு வரி இல்லை, அதையே உடைத்துப் பொடியாக்கி விற்றால் வரி உண்டு. லாரி வாடகைக்கு எப்போது லாரிக்காரர் வரி கட்ட வேண்டும், எப்போது சரக்கு அனுப்புகிறவர் கட்ட வேண்டும். இப்படி எல்லாவற்றையும் சந்தை ஏலம் மாதிரி சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். பிராக்டிஷனர் ஆவதற்கான தகுதிகளும் அதில் ஒரு பாடம். இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். புத்தி சுவாதீனம் உள்ளவராக இருக்க வேண்டும். திவாலானவராக இருக்கக் கூடாது. நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவராக இருக்கக் கூடாது.

வரப்புக்கு அந்தப் பக்கம் களை வெட்டிக்கொண்டிருந்த ஓரகத்தி ஒரு நாள் நிமிர்ந்து பார்த்து, புத்தி சுவாதீனத்திலேயே நீ பெயில் என்றாள். நான் சிரிக்கவில்லை. அவள் மற்றதையும் சேர்த்துத்தான் கேட்டு வைத்துக்கொண்டாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ராசிபுரம் பஸ்ஸில் உரசிக்கொண்டே வந்த ஒருவனை டிபன் பாக்ஸால் மூக்கிலேயே போட்டிருக்கிறேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. என் கணவர் நேர்மாறு, வாயில்லாப் பூச்சி. ஆடிட்டருக்கு என் குணம் தெரியும். பரீட்சை முடிகிறவரை பங்காளிகளோடு வம்பு வேண்டாம், கையைக் கட்டிக்கொண்டு இரு என்று சொல்லியிருந்தார். ஸ்டேஷனில் ஒரு எஃப்.ஐ.ஆர். விழுந்தால் அது கோர்ட்டுக்குப் போகும், தண்டனை என்று ஆகிவிட்டால் படித்த படிப்பெல்லாம் குப்பை என்றார். நானும் கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் பாத்தியில் அவர்கள் மாட்டைக் கட்டினார்கள், இருந்தேன். எங்கள் நாயைக் கல்லால் அடித்துக் காலை ஒடித்தார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கை மட்டும் தினமும் நமநமவென்றது.

எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே கூட்டுக் கிணறு, ஒரே மோட்டார். இரண்டு நாள் அவர்கள் முறை, இரண்டு நாள் எங்கள் முறை. முறை நாளில் கரண்ட் போய்விட்டால் அந்த நேரம் போனதுதான். அதைப் பிறகு கேட்கக் கூடாது. இது எங்கள் ஊரில் எழுதாத சட்டம், யாரும் அதை மீறியதில்லை. அந்தத் தடவை எங்கள் முறையில் பகல் பாதிக்குக் கரண்ட் இல்லை. சின்ன வெங்காயம் திரளும் நேரம், அப்போது ஈரம் காய்ந்தால் கோலிக்குண்டு அளவில் நின்றுவிடும்.

நான் அப்போது படித்துக்கொண்டிருந்த பாடம் வரி வரவு. வியாபாரி தான் வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியை இந்த மாதம் கழித்துக்கொள்ள முடியாவிட்டால், மிச்சத்தை அடுத்த மாதத்துக்கு எடுத்துக்கொண்டு போகலாம். அது அவனுடைய பாக்கி, எங்கும் போய்விடாது. எவ்வளவு நியாயமான சட்டம் என்று எனக்குத் தோன்றியது. கரண்ட் போன நேரமும் எங்களுடைய பாக்கிதானே. மறுநாள் காலையில் அவர்கள் முறை தொடங்கிய பிறகும் நான் மோட்டாரை நிறுத்தவில்லை. உலகத்தில் கிணற்றுத் தண்ணீருக்கு ஜிஎஸ்டி சட்டத்தைப் பிரயோகித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஓரகத்தி விடுவிடுவென்று வந்தாள். மோட்டாரை நிறுத்துகிறாயா, ஃபியூஸைப் பிடுங்கட்டுமா என்றாள். நான் பாக்கிக் கணக்கைச் சொன்னேன். படித்த திமிரா என்றாள். ஆமாம் என்றேன். அந்த ஒரு வார்த்தையை நான் விழுங்கியிருக்கலாம்தான். அவள் ஃபியூஸைத் தொடவில்லை. என் மடியில் இருந்த புத்தகத்தைப் பிடுங்கிக் கிணற்றில் எறிந்தாள்.

அவள் கையைப் பிடித்து முறுக்கினேன். அவள் இன்னொரு கையால் என் காதைப் பிடித்தாள். அதற்குப் பிறகுதான் நான் முதலில் சொன்னது நடந்தது. என் முஷ்டி அவள் வாயில் விழுந்தது, உதடு பிளந்தது, முன்பல் ஒன்று ஆடியது. சத்தம் கேட்டு என் கணவர் ஓடி வந்து இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்தார். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான். பின்னாலேயே வந்த அவள் புருஷன், என் மச்சாண்டார், யார் யாரை அடிக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து அதன் காம்பால் அவர் நெற்றியில் போட்டார். தேங்காய் உடைகிற சத்தம். என் கணவர் அப்படியே உட்கார்ந்தார். கண் தெரியாத அளவுக்கு முகமெல்லாம் ரத்தம்.

மச்சாண்டார் இரண்டாவது தடவையும் ஓங்கினார். நான் அந்த மண்வெட்டியைப் பிடுங்கினேன். எப்படிப் பிடுங்கினேன் என்று தெரியாது, அவர் ஆள் ஆறடி. அதே காம்பால் அவர் மணிக்கட்டில் அடித்தேன். எலும்பு முறிவது என் கைக்கே தெரிந்தது. நல்ல நிறைவாக இருந்தது. அந்த நிமிடத்தில் லைசென்ஸாவது, மண்ணாங்கட்டியாவது.

அடிதடி முடிந்ததும் எங்கள் பக்கத்தில் யாரும் அழுதுகொண்டு உட்கார மாட்டார்கள். ஜி.எச்.சுக்கு ஓடுவார்கள். யார் முதலில் போய்ப் படுக்கிறார்களோ அவர்களைப் பற்றிய தகவல்தான் ஸ்டேஷனுக்கு முதலில் போகும், அவர்கள் கேஸ்தான் எடுபடும் என்று ஒரு நம்பிக்கை. எருமப்பட்டியிலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் கேஸுக்கு நாமக்கல் ஜி.எச்.தான் எடுப்பு. மண்டை பிளந்தவனையும் அவ்வளவு தூரம் கொண்டுபோவார்கள். நானும் கொண்டுபோனேன். ஒரு ஸ்கூட்டரில் நான், பின்னால் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு என் கணவர். இன்னொரு ஸ்கூட்டரில் அவள், பின்னால் ஒடிந்த கையை மார்போடு பிடித்துக்கொண்டு மச்சாண்டார். ரோடு முழுக்க முந்திக்கொண்டே போனோம். ஒரு வளைவில் அவள் என் வண்டியைக் காலால் எட்டி உதைத்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துத் துப்பினேன். என் இடுப்பைப் பிடித்திருந்த என் கணவர், "மெல்லப் போ சாமி, விழுந்து செத்துப்போனா கேஸே இல்ல" என்றார்.

இரண்டு வண்டியும் ஒன்றாகத்தான் போய்ச் சேர்ந்தன. ஆண்கள் வார்டில் அவர்கள் இருவரும், பெண்கள் வார்டில் நாங்கள் இருவரும். எனக்கும் அவளுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். என் காதில் தையல், அவள் உதட்டில் தையல். நர்ஸ் வரும்போதெல்லாம் அவள் முனகுவாள். நர்ஸ் போனதும் எழுந்து உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துத் தின்பாள். போலீஸ்காரர் வந்து இரண்டு தரப்பிடமும் எழுதி வாங்கினார். எங்கள் பக்கத்துப் புகார் என் பெயரில்தான். சமாதானமாகப் போனால் இதோடு முடித்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் எஃப்.ஐ.ஆர். என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் போய்ப் படுப்பது எவ்வளவு முக்கியமோ, முதலில் எழுந்து போகாமல் இருப்பதும் அவ்வளவு முக்கியம். எழுந்து போனவருக்குப் பெரிய அடி இல்லை என்று ஆகிவிடும், கேஸ் நொண்டியாகிவிடும். என் பரீட்சையோ நாளை மறுநாள் காலையில், சேலத்தில். புத்தகம் கிணற்றில் கிடந்தது. செல்போனில் மாதிரிக் கேள்விகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டு, ஒரு பக்கமாகவே படுத்துக் கிடந்தேன். காது தலையணையில் பட்டால் உயிர் போயிற்று.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயந்திரம் அவள் வாயைத் திறந்தாள். தையல் போட்ட உதட்டால் நிதானமாகப் பேசினாள்.

"நாளைக்குப் போறதுன்னா போ. தடுக்கல. நீ எந்திரிச்சுப் போனீன்னா உங்க கேஸு அவ்வளவுதான். எங்களுது மட்டும் நிக்கும், என்ற ஊட்டுக்காரருக்கு எலும்பே முறிஞ்சு கெடக்குது. தண்டன வாங்குனவளுக்கு லைசென்சு இல்லைன்னு நீதான தெனமும் கத்திக் கத்திப் படிச்ச."

எனக்குக் கட்டிலில் இருந்து எழுந்து அவள் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். அவள் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பு இல்லை. இருந்தால் பரீட்சை போயிற்று, அதோடு பதிவும் போயிற்று. போனால் எங்கள் கேஸ் போயிற்று, அவர்கள் கேஸில் தண்டனை வந்தால் அன்றைக்கு லைசென்ஸும் போயிற்று. ஆண்கள் வார்டுக்குப் போய் என் கணவரிடம் சொன்னேன். அவர் தலைக்கட்டோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நீ போய் எழுதிவிட்டு வா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவர் என்றைக்கு எதைப் பார்த்துக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

விடிந்ததும், என் சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் புடவையைச் சரிசெய்துகொண்டு கிளம்பினேன். வார்டு வாசலில் ஓரகத்தியின் தம்பி செல்போனோடு நின்றிருந்தான். நான் படி இறங்குவது, ரோட்டைத் தாண்டுவது, ஓடிப்போய்ச் சேலம் பஸ்ஸில் ஏறுவது வரை எல்லாவற்றையும் படம் பிடித்தான். பஸ் நகரும்போது அவனைப் பார்த்துக் கையைக் காட்டினேன். எந்த விரலை என்று கேட்க வேண்டாம்.

சேலத்தில் பரீட்சை நடந்த இடத்தில் வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள். காதில் இவ்வளவு பெரிய கட்டு இருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். உள்ளே ஏதாவது கருவியை ஒளித்து வைத்திருக்கிறேனா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். சோதனை செய்யும் பெண் பஞ்சைப் பிரித்தாள். காய்ந்த ரத்தத்தோடு அது ஒட்டிக்கொண்டிருந்தது, அவள் ஈரப்படுத்தக்கூட இல்லாமல் உரித்தாள். தையல் போட்ட மடலை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தாள். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றேன். என் நகங்கள் என் உள்ளங்கையிலேயே இறங்கின. எப்படி ஆனது என்று அவள் கேட்டதற்கு, தோடு மாட்டிக்கொண்டது என்றேன்.

பரீட்சை கம்ப்யூட்டரில். கேள்விக்குக் கீழே நான்கு விடைகள், சரியானதைத் தொட வேண்டும். காதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தோளில் விழுந்துகொண்டிருந்தது. நான் அதைத் துடைக்கவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் கண்ணில் கண்ட பங்காளியாக நினைத்து அடித்தேன். தேறினேன், முடிவு பிறகுதான் வந்தது, ஆனாலும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எழுந்து வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியே வந்து ஒரு கடையில் நின்று இரண்டு பரோட்டா தின்றேன். மெல்லும்போது காது வலித்தது, ஆனாலும் அவ்வளவு ருசியாக நான் எதையும் தின்றதில்லை.

நாமக்கல்லில் இறங்கி நேராக ஜி.எச்.சுக்குப் போனேன். என் கணவரின் கட்டில் காலி. மச்சாண்டாரின் கட்டிலும் காலி. பெண்கள் வார்டில் ஓரகத்தியின் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். எல்லோரும் மத்தியானமே போய்விட்டார்கள் என்று நர்ஸ் சொன்னாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே நின்றிருந்த ஸ்கூட்டரையும் காணோம். எருமப்பட்டி பஸ்ஸைப் பிடித்து இறங்கித் தோட்டத்துக்கு நடந்தேன்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அன்று எங்கள் முறை நாள். ஆனால் தண்ணீர் அவர்கள் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எங்கள் வெங்காயப் பாத்தி வெடித்துக் கிடந்தது, தாள் நுனி பழுத்துச் சாய்ந்திருந்தது. என் கணவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். ஃபியூஸைப் பிடுங்கப் போன என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

நின்றபடியே கேட்டேன், அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் பஸ் ஏறிய படத்தைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் காட்டியிருக்கிறார்கள். அடிபட்டவள் பரீட்சை எழுத ஓடுகிறாளா என்று கேட்டுப் போலீஸ்காரர்கள் சிரித்திருக்கிறார்கள். எலும்பு முறிந்த கேஸ் ஒன்றுதான் நிற்கும், அது உங்கள் வீட்டம்மா மேல்தான் விழும் என்று சொல்லிவிட்டார்கள். கேஸை வாபஸ் வாங்க மச்சாண்டார் ஒரே ஒரு விலை சொன்னார். இவர் ஜி.எச்.சிலிருந்து எழுந்துபோய் அதற்கு ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"நமக்கு இனி வாரத்துல ஒரு நாளுதான் தண்ணி. நீதான் லைசென்சு வேணும்னு சொன்ன. எனக்கு வேற வழி தெரியல."

வெங்காயம் போயிற்று. அடுத்த வெள்ளாமையும் போயிற்று. வாரத்தில் ஒரு நாள் தண்ணீரில் அந்த மண்ணில் எதுவும் நிற்காது. மண்வெட்டியால் அவர்களால் பறிக்க முடியாததை என் படிப்பைக் கொண்டு பறித்துக்கொண்டார்கள். என்னைக் கேட்காமல் இவர் அதைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார், எனக்காக. அந்த 'எனக்காக' என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் இன்னும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து கட்டிவைத்திருந்த கை அது. அவர் முகத்தில் ஓங்கி விட்டேன். ஒரு தடவை இல்லை. அவர் கையைத் தூக்கித் தடுக்கவில்லை, விலகவும் இல்லை. நெற்றித் தையல் பிரிந்து, வெள்ளைக் கட்டு சிவந்துகொண்டே வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் என் கை நின்றது.

மறுபடியும் ஸ்கூட்டரில் அவரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அதே ஜி.எச்.சுக்குப் போனேன். இந்தத் தடவை முந்துவதற்கு யாரும் இல்லை. டாக்டர் பிரிந்த தையலைப் பார்த்தார், வீங்கியிருந்த கன்னத்தைப் பார்த்தார். என் விரல் இடுக்குகளில் இருந்த ரத்தத்தை நர்ஸ் பார்த்தாள். யார் அடித்தது, ஸ்டேஷனுக்குத் தகவல் அனுப்ப வேண்டும், சொல் என்று டாக்டர் கேட்டார்.

"யாரும் அடிக்கலீங்க. வரப்புல வழுக்கி விழுந்துட்டனுங்க" என்றார் என் கணவர்.